வண்டிக்கு எந்த ஊர்?

மேடவாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ ஏதாவது ஒரு பெரிய அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தில், நம்பர் பிளேட்டுகளை மட்டும் படித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். டிஎன் 11 என்றால் தாம்பரம், டிஎன் 22 மீனம்பாக்கம், டிஎன் 14 சோழிங்கநல்லூர், டிஎன் 19 செங்கல்பட்டு. இவை உள்ளூர்க்காரர்கள். நடுநடுவே கேஏ, எம்எச், ஏபி, கேஎல், யூபி என்று பாதி இந்தியா தூசு படிந்து நிற்கும். காரணம் ஒன்றும் புதிரில்லை. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. பறங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. 1984இல் சானடோரியம் பக்கம் மெப்ஸ் வந்தது, அதற்குப் பிறகு ஓஎம்ஆர். மாற்றலில் வந்தவர்களும் வேலை தேடி வந்தவர்களும் சேர்ந்து நிரப்பிய புறநகர் இது. ஆள் வந்தால் வண்டியும் வரும்.

ஆள் வந்தால் அவருடைய ஆதார் எண் மாறுவதில்லை. பான் எண் மாறுவதில்லை. 2015 ஜூலையில் இருந்து, மாநிலம் தாண்டினாலும் நிறுவனம் மாறினாலும் மொபைல் எண்கூட மாறுவதில்லை. வண்டி எண் மட்டும் மாறியாக வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது: ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால், உரிமையாளர் அங்கே புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பழைய ஊர் ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். புதிய ஊரில் புதிதாக வரி கட்ட வேண்டும். பழைய ஊரில் கட்டிய வரியின் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு இன்னொரு மனு போட வேண்டும்.

இந்த வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒருவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். "சார், பன்னெண்டு மாசம்னு சட்டம் சொல்லுது, கரெக்ட். ஆனா பன்னெண்டு மாசம் ஆச்சா ஆகலையான்னு வண்டியா வந்து சொல்லும்?" என்றார். சிரித்துவிட்டுப் போக வேண்டிய பேச்சுதான். ஆனால் அவர் தொட்ட இடம் சட்டத்தின் மிகப் பலவீனமான இடம். ஓடுவதற்கென்றே செய்த ஒரு பொருளைப் பார்த்து 'உனக்கு எந்த ஊர்?' என்று கேட்கிறோம். நூறு வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அது ஏன் மாறியது என்பதுதான் இந்தக் கதை.

எம்சி 1

மெட்ராஸின் முதல் பதிவெண் 'எம்சி 1'. மெட்ராஸ் சிட்டி என்பதன் சுருக்கம். அந்த எண் துறைமுகத்தைக் கட்டியெழுப்பிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு என்று சென்னையின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எம்சி 3 கட்டட ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியாருடையது. சொந்தக் கார் வைத்திருந்த முதல் மெட்ராஸ் இந்தியர் அவர்தான் என்பார்கள். கணிதப் பிரியர்களுக்கு ஒரு உபதகவல்: ஸ்பிரிங், துறைமுக அலுவலகத்தில் ராமானுஜன் குமாஸ்தாவாக இருந்தபோது அங்கே தலைவர். செட்டியார், சேத்துப்பட்டில் ராமானுஜனின் கடைசி நாட்களில் ஆதரவாக இருந்தவர்.

அந்த எண்ணைக் கவனியுங்கள். அதில் மாநிலம் இல்லை, நகரம்தான் இருக்கிறது. ஊரில் இருந்த கார்களை எண்ணிவிடலாம் என்ற காலத்தில், எண் என்பது போலீஸுக்கான அடையாளம். யாரையாவது இடித்துவிட்டுப் போனால் யார் வண்டி என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். 1914இல் இந்தியா முழுமைக்கும் ஒரு மோட்டார் வாகனச் சட்டம் வந்தபோதும் அதன்கீழ் விதிகள் போடும் வேலை மாகாண அரசுகளிடமே இருந்தது. நம் மாகாணத்துக்கோ சுற்றிலும் எல்லைகள். நடுவில் புதுக்கோட்டை சமஸ்தானம், மேற்கே மைசூர், தென்மேற்கே திருவிதாங்கூர், கடலோரம் பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரியும் காரைக்காலும்.

டோல்கேட் போய் வரி வந்தது

எண்ணோடு பணம் எப்போது ஒட்டிக்கொண்டது? மெட்ராஸைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் 1931.

அதற்கு முன்பு ஜில்லா போர்டுகளும் நகராட்சிகளும் சாலையில் சுங்கச் சாவடி வைத்துக் காசு வாங்கின. திருச்சியில் 'நம்பர் ஒன் டோல்கேட்', கோவையில் 'சுங்கம்' என்று பழைய சாவடிகள் ஊர்ப் பெயர்களில் இன்னும் வாழ்கின்றன. மாட்டுவண்டி காலத்துக்கு அது சரிப்பட்டது. பஸ்ஸும் லாரியும் வந்த பிறகு, முப்பது மைலில் நாலு இடத்தில் நிறுத்திச் சில்லறை எண்ணுவது ஒத்துவரவில்லை. 1931ஆம் ஆண்டின் மெட்ராஸ் மோட்டார் வாகன வரிச் சட்டம் ஒரு பேரத்தைப் போல வந்தது. உள்ளாட்சிகளின் சுங்கம் போகும். அதற்குப் பதில் வண்டிக்காரர் மாகாண அரசுக்கு ஒரே வரி கட்டுவார். அதிலிருந்து அரசு உள்ளாட்சிகளுக்கு ஈடு கொடுக்கும். சாவடியில் நிற்காமல் போகும் சுகத்துக்கான விலைதான் இன்று நாம் 'ரோட் டேக்ஸ்' என்று சொல்லும் வரியின் தொடக்கம். இன்று டிஎன் 11 வண்டி, அந்த வரியையும் கட்டிவிட்டு, செங்கல்பட்டுக்குப் போகும் வழியில் பரனூர் சாவடியில் ஃபாஸ்டேகையும் காட்டுகிறது. பேரம் எப்போதோ முறிந்துவிட்டது.

அதே காலத்தில் இன்னொரு வழியும் மேசையில் இருந்தது. எம். ஆர். ஜெயகர் தலைமையிலான சாலை வளர்ச்சிக் குழு 1928இல் அறிக்கை கொடுத்தது. அதையொட்டி 1929இல் பெட்ரோல் மீது கூடுதல் தீர்வை போட்டு மத்தியச் சாலை நிதி உருவானது. இரண்டு வரிகளின் குணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் வரியை நீங்கள் ஓட்ட ஓட்டக் கட்டுகிறீர்கள். வண்டி எந்த ஊர் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வண்டி வரியோ வண்டிக்கு ஒரு ஊர் இருந்தால்தான் வசூலாகும். இரண்டையுமே வைத்துக்கொண்டோம். ஆகவே வண்டிக்கு ஊர் அவசியமாகிவிட்டது.

பன்னிரண்டு மாதம்

1939இல் பழைய சட்டத்துக்குப் பதில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ஒரு மாகாணத்துப் பதிவு மற்ற மாகாணங்களிலும் செல்லும் என்றது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் எழுத்துகள் ஒதுக்கியது. பழைய அம்பாசடர், பியட் படங்களில் எம்எஸ், எம்டி என்று தொடங்கும் எண்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த வரிசை. கூடவே, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாகாணத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய எண் என்ற விதியும் வந்தது. 1988இன் 47ஆம் பிரிவு அந்த விதியின் பேரப்பிள்ளைதான்.

அன்றைக்கு இதில் நியாயம் இருந்தது. பதிவேடு என்பது ஓர் அலுவலகத்தின் அலமாரியில் இருக்கும் தடித்த நோட்டு. பம்பாயில் பதிவான கார் மெட்ராஸில் ஒரு விபத்தில் சிக்கினால், உரிமையாளர் யாரென்று தெரிய பம்பாய்க்குக் கடிதம் எழுத வேண்டும். வருடக்கணக்கில் இங்கேயே கிடக்கும் வண்டிக்கு இங்கேயே ஒரு பக்கம் எழுதிவைப்பது எல்லோருக்கும் வசதி. வரியும் காலாண்டுக்கோ ஆண்டுக்கோ கட்டும் வரி. மார்ச் வரை அங்கே, ஏப்ரல் முதல் இங்கே. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

இந்த இரண்டு விஷயங்களையும் நினைவில் வையுங்கள்: காகித நோட்டு, சில மாதங்களுக்கான வரி. விதி பிறந்தபோது அதைத் தாங்கிய இரண்டு தூண்கள் இவை.

ஆஜ்மீர் பேருந்துகள்

அரசியல் சாசனம் இந்த விஷயத்தை இரண்டாக வெட்டியது. மோட்டார் வாகனங்களும், அவற்றின் மீது எந்தக் கொள்கைப்படி வரி போடுவது என்பதும் பொதுப் பட்டியலில் 35ஆவது இனம். வரி மட்டும் மாநிலப் பட்டியலில் 57ஆவது இனம். அதாவது வண்டிக்குச் சட்டம் டெல்லியிலிருந்து, கல்லா மாநிலத்தில். இன்னொரு பக்கம் 301ஆம் கூறு, இந்தியா முழுவதும் வணிகமும் போக்குவரத்தும் தடையில்லாமல் நடக்கும் என்கிறது.

இவை மோதிக்கொண்ட இடம் ராஜஸ்தான். ஆஜ்மீர் அப்போது தனி மாநிலம், ராஜஸ்தானால் சூழப்பட்ட தீவு. ஆஜ்மீரில் பதிவாகி ஆஜ்மீருக்கு வரி கட்டிய பேருந்துகள், வழியில் கொஞ்ச தூரம் ராஜஸ்தான் மண்ணில் ஓடியாக வேண்டியிருந்தது. ராஜஸ்தான் தன் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 'எனக்கும் கட்டு' என்றது. பேருந்துக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1962 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் நான்குக்கு மூன்று என்று பிரிந்து தீர்ப்புச் சொன்னார்கள்: வரி செல்லும். சாலையைப் பயன்படுத்துகிறாய், அதற்கான ஈடு இது. ஈடாக வாங்கும் வரி போக்குவரத்துக்குத் தடையாகாது.

வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பு வரும்போது அந்த எல்லையே இல்லை. 1956 நவம்பர் 1 அன்று ஆஜ்மீர் ராஜஸ்தானோடு சேர்ந்துவிட்டது. நமக்கும் இது புதிதில்லை. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தன. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, மாநிலம் நகர்ந்துபோன காலம் அது. எல்லை போனாலும் அந்த வழக்கில் பிறந்த 'ஈட்டு வரி' என்ற கருத்து அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 2016 நவம்பரில்தான் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக அதைக் கைவிட்டது. வரி என்றால் வரிதான், 'சாலைக்கு ஈடு' என்று தனியாக நியாயம் சொல்லத் தேவையில்லை, பாரபட்சம் காட்டாமல் இருந்தால் போதும் என்றது. என் பார்வையில் அது ஒரு நேர்மையான வாக்குமூலம். சாலையைப் பற்றிய பேச்சாகத் தொடங்கியது, கடைசியில் வருமானத்தைப் பற்றிய பேச்சாக முடிந்தது.

பதினைந்து வருடப் பணம்

1989 ஜூலை 1 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தது. இரண்டு எழுத்தில் மாநிலம், இரண்டு இலக்கத்தில் அலுவலகம் என்று இன்று நாம் அறிந்த எண்முறை அந்த ஆண்டில்தான் பிறந்தது. தாம்பரம் 11 ஆனது பிறகு இந்த முறையில்தான்.

அதைவிடப் பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ஒவ்வொரு மாநிலமாக, சொந்த உபயோக வண்டிகளுக்குக் காலாண்டு, ஆண்டு வரிகளை விட்டுவிட்டு வாழ்நாள் வரிக்கு மாறின. வண்டி வாங்கும் அன்றே மொத்தப் பணத்தையும் வைத்துவிட வேண்டும். அலுவலகத்துக்கு நிம்மதி, கருவூலத்துக்குக் கொண்டாட்டம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 5 லட்சம் வரையான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 15 லட்ச ரூபாய் கார் என்றால் 2 லட்சத்து 70 ஆயிரம், முதல் நாளே.

பன்னிரண்டு மாத விதியின் ஒரு தூண் இங்கே விழுந்துவிட்டது. பதினைந்து வருடப் பணத்தை ஒரு மாநிலத்தில் வைத்துவிட்டு, இரண்டாவது வருடம் மாற்றலாகிப் போகிறவர் என்ன செய்வார்? புதிய மாநிலத்தில், வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்தாலும், மீண்டும் ஒரு பெரிய தொகை. பழைய மாநிலத்தில் மிச்சத்தைக் கேட்டு மனு. அந்த மனுவை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு துரத்த வேண்டும். சட்டத்தை மீறினாலோ, 47ஆம் பிரிவின்கீழ் கட்ட வேண்டிய தொகை சில நூறு ரூபாயைத் தாண்டாது. ஒரு பக்கம் லட்சம், மறு பக்கம் நூறு. இந்தக் கணக்கைப் போடப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்போது கணக்குப் போட்டவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை நிஜமாகவே ஊர் மாறியவர்கள். இன்னொரு வகை வண்டிக்கு மட்டும் ஊர் மாற்றியவர்கள். நமக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் புதுச்சேரி. அங்கே விலையுயர்ந்த காருக்கு வரி பல மடங்கு குறைவு. ஈசிஆரில் இரண்டரை மணி நேரம் போனால் ஒரு பிஒய் எண். தமிழ்நாடு 1990இல் வாகன நுழைவு வரிக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜிஎஸ்டி வந்த 2017இல் நுழைவு வரியின் காலம் முடிந்தது. அதே 2017இல் கேரளத்தில் திரை நட்சத்திரங்கள் உட்படப் பலரின் சொகுசுக் கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவானது பெரிய விவகாரமானது. வாடகை வீட்டில் ஒரு கார் வாழ்வதாகக் காகிதம் சொல்லும், கார் கொச்சியில் ஓடும்.

மாநிலங்களின் கோபம் புரிகிறது. ஆனால் வலை வீசும்போது இரண்டாம் வகைக்காக வீசிய வலையில் முதல் வகைதான் அதிகம் மாட்டுகிறது. கர்நாடகம் 2014இல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, முப்பது நாளுக்கு மேல் மாநிலத்துக்குள் இருந்தாலே வாழ்நாள் வரி என்றது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த டிஎன் வண்டிக்காரர்கள் வாடகை ரசீதையும் பெட்ரோல் பில்லையும் டோல் சீட்டையும் டேஷ்போர்டில் சேர்த்துவைத்துக்கொண்டு ஓட்டிய காலம் அது. மத்தியச் சட்டம் பன்னிரண்டு மாதம் கொடுக்கும்போது மாநிலம் அதை எப்படி முப்பது நாளாகச் சுருக்கும் என்று வழக்குப் போட்டார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது.

கிளாம்பாக்கத்தில் நாகாலாந்து

கார் கதையைவிடப் பெரிய கதை நம் ஜிஎஸ்டி ரோட்டில் தினமும் ராத்திரி ஓடுகிறது. பெருங்களத்தூரிலும், 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலும் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் ஏறியவர்கள் பார்த்திருப்பீர்கள்: பேருந்தின் நெற்றியில் என்எல் 01. நாகாலாந்து. வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கோஹிமா மேட்டில் ஏறியிராத பேருந்து. இருக்கைக்கு இவ்வளவு என்று வரி போடும் முறையில் தமிழ்நாட்டின் வரி அதிகம், வடகிழக்கில் குறைவு. அகில இந்தியச் சுற்றுலா அனுமதிச் சீட்டோடு அங்கே பதிந்து இங்கே ஓட்டினார்கள்.

2024 ஜூனில் தமிழ்நாடு போக்குவரத்துத் துறை, தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாறாத வெளிமாநில ஆம்னி பேருந்துகள் இங்கே ஓடக் கூடாது என்றது. சிறைபிடிக்கும் நடவடிக்கையும் தொடங்கியது. 500க்கும் மேற்பட்ட பேருந்துகள் அந்தக் கணக்கில் வந்தன. உரிமையாளர்கள் நீதிமன்றங்களை நாடினார்கள். டிக்கெட் எடுத்த பயணிகள் அந்த வாரம் பையோடு நின்றார்கள். ஆஜ்மீர் பேருந்துகள் ராஜஸ்தான் வழியாகப் போயின, அதனால் வழக்கு. இந்தப் பேருந்துகள் நாகாலாந்து வழியாகப் போகவே இல்லை, அதனால் வழக்கு. எழுபது வருடத்தில் பிரச்சினை தலைகீழாகிவிட்டது.

பாரத் எண் யாருக்கு?

இரண்டாவது தூணும் இதற்குள் விழுந்துவிட்டது. தடித்த நோட்டு போய் 'வாகன்' என்ற தேசியத் தரவுத்தளம் வந்தது. மென்பொருள் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், வண்டியின் உண்மையான பிரைமரி கீ சேஸிஸ் எண்தான். அது தொழிற்சாலையில் அடித்தது, எந்த எல்லையிலும் மாறாது. தாம்பரத்தில் நிற்கும் போலீஸ்காரர் போனிலேயே பூனா வண்டியின் உரிமையாளரைப் பார்த்துவிடலாம். எண்ணை மாற்ற வேண்டிய நிர்வாகத் தேவை தீர்ந்துவிட்டது. மிஞ்சியது வரி.

ஒன்றிய அரசு இதை ஒப்புக்கொண்டது போலத்தான் 2021 ஆகஸ்டில் பிஎச் வரிசையை அறிவித்தது. செப்டம்பர் 15 முதல் அமல். பதிவான ஆண்டு, பிஎச், நான்கு இலக்கம், எழுத்துகள். எந்த மாநிலத்துக்குப் போனாலும் எண் மாறாது. வரியைப் பதினைந்து வருடத்துக்கு மொத்தமாக வாங்காமல், இரண்டிரண்டு வருடமாக வாங்குவார்கள். அதாவது சுற்றிச் சுற்றி, 1939இன் கால அளவு வரிக்கே திரும்பியிருக்கிறோம். மொத்தப் பணமும் முதல் நாளே வந்துகொண்டிருந்த மாநிலங்களுக்கு இது பிடிக்கவில்லை. எல்லா மாநிலமும் ஒரே வேகத்தில் ஏற்கவுமில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. பிஎச் யாருக்கு? ராணுவத்தினருக்கு, ஒன்றிய, மாநில அரசு ஊழியர்களுக்கு, பொதுத்துறை ஊழியர்களுக்கு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கு. தாம்பரத்தை வைத்தே எழுதியதுபோல இருக்கிறது: விமானப்படைத் தளமும் ஓஎம்ஆரும். என்னைப் போன்றவர்களுக்கு நிறுவனம் ஒரு படிவத்தில் சான்று கொடுத்துவிடும்.

இரண்டே ஊரில் கிளை வைத்திருக்கும் சின்னக் கம்பெனியின் கணக்காளருக்குக் கிடையாது. விஜயவாடாவிலிருந்து வந்து பள்ளிக்கரணையில் தனியார் பள்ளியில் பாடம் எடுக்கும் டீச்சரின் ஸ்கூட்டிக்குக் கிடையாது. சொந்தமாகத் தொழில் பார்க்கிற எலெக்ட்ரீஷியனுக்கும், வேலைக்கு வேலை மாநிலம் மாறும் டைல்ஸ் மேஸ்திரிக்கும் கிடையாது. இவர்கள் ஊர் மாறுவது எங்களைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் இவர்கள் மாறுவதற்குச் சான்று கொடுக்க மனிதவளத் துறை என்று ஒன்று இல்லை. சோதனைச் சாவடியில் பேசிச் சமாளிக்க ஆங்கிலமும் இல்லை. சட்டம் 'இடம்பெயர்தல்' என்று எதைக் கருதுகிறது என்பதை அந்தத் தகுதிப் பட்டியல் காட்டிவிடுகிறது. நிறுவனம் அனுப்பினால் மாற்றல், வயிறு அனுப்பினால் மீறல்.

இதற்குப் புதிய எண் வரிசைகூட வேண்டாம். பதிவேடு ஒன்றாகிவிட்டது. வண்டியின் வயதும் கட்டிய வரியும் அதிலேயே இருக்கின்றன. முகவரி மாறியதும் மிச்ச வரி பழைய மாநிலத்திலிருந்து புதிய மாநிலத்துக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தால், வித்தியாசத்தை மட்டும் உரிமையாளர் கட்டினால் போதும். வங்கிகளுக்கு நடுவே ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கான முறை நாம் செய்யும் வேலை இது. 1931இல் ஜில்லா போர்டுகளுக்கு ஈடு கொடுத்து ஒரு மாகாணம் டோல்கேட்டுகளை மூடியது, அதுவும் காகிதத்திலும் பேனாவிலும். இன்று அதே ஈட்டை இரண்டு மாநிலங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள மாட்டோம் என்கின்றன. அதனால் டீச்சர் ஸ்கூட்டியின் மிச்ச வரியைக் கேட்டு விஜயவாடாவுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.